மஞ்சள் சுவரும் நாலு குப்பி ஃபெனியும்

பனாஜியில் இப்போது ஒரு வியாபாரம் நன்றாகச் சூடு பிடித்திருக்கிறது. 'ஃபெனி ருசி பார்த்தல்', கூடவே ஒரு தெரு வரலாறு. ஃபொந்தைன்யாஸ் என்கிற பழைய பேட்டையில் சாயங்காலம் நாலரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்க்கிறார்கள். மஞ்சள் வீடு, நீல வீடு, சிவப்பு ஓடு என்று சந்து சந்தாக நடத்திக் காட்டுகிறார்கள். நடுவில் இரண்டு இடத்தில் உட்காரவைத்து, கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியில் நாலு வகை ஊற்றுகிறார்கள். தொட்டுக்கொள்ளப் பாவும் சொரிசோவும். ஆளுக்கு 2,500 ரூபாய்.

நானும் போனேன். சென்னையிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்துக்குத் துணையாக. (வீட்டம்மா இதைப் படிப்பார் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நாலு குப்பியில் மூன்றை மைத்துனர் பக்கம் தள்ளிவிட்டேன்.) போனதிலிருந்து வயிற்றெரிச்சல். குடித்ததால் அல்ல, கேட்டதால். வாஸ்கோ, மட்காவ், வெர்ணா பக்கம் இருக்கிற நம் குடும்பங்கள் டிசம்பர் வந்தால் ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை இந்த மாதிரி நடைகளுக்குத்தான் அனுப்பிவைக்கின்றன என்பதால், இதைக் கொஞ்சம் விலாவாரியாகவே திட்ட வேண்டியிருக்கிறது.

ஆட்சேபம் குடிப்பதில் இல்லை. காசிலும் இல்லை. ஊருக்கு வந்தவன் விருப்பப்பட்டுக் கொடுக்கிறான், வாங்குகிறவன் வாங்குகிறான். என் சண்டை அந்தக் குப்பியோடு சேர்த்து ஊற்றப்படுகிற வரலாற்றோடுதான்.

முதலில் சின்னச் சின்னப் பொய்களை எடுத்துக்கொள்வோம். "இந்தப் பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்" என்று ஆரம்பித்தார் வழிகாட்டிப் பையன். இல்லை. 1986ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது கோவாவின் தேவாலயங்களும் மடங்களும். அவை இருப்பது இங்கிருந்து பத்து கிலோமீட்டர் கிழக்கே, பழைய கோவாவில். ஃபொந்தைன்யாஸ் அதில் இல்லை. அடுத்து, 'ஜனவரி 31 தெரு' என்கிற பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று, "இது போர்த்துகல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற நாள்" என்றார். போர்த்துகல் ஸ்பெயினை உதறியது 1640 டிசம்பர் 1. ஜனவரி 31 என்பது 1891ல் போர்ட்டோ நகரில் முடியாட்சிக்கு எதிராக நடந்த குடியரசுக் கலகத்தின் தேதி. கலகம் அன்றைக்கே அடக்கப்பட்டது, ஆனாலும் தெருக்களுக்குப் பெயராக நின்றுவிட்டது. இதைச் சொன்னால் சுவாரசியம் குறைந்தா போய்விடும்? கூடத்தானே செய்யும்?

இதெல்லாம் போகட்டும். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவன் கையில் கொடுத்த காகிதத்தைப் படிக்கிறான். அந்தக் காகிதத்தை எழுதியவர்கள் எதை விட்டார்கள் என்பதுதான் கேள்வி.

ஃபொந்தைன்யாஸ் எப்படி வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் போய்ப் பெரும் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிய அந்தோனியோ ஜோவாவ் தெ செக்கேரா என்கிற கோவாக்காரர் உண்டாக்கிய இடம் இது. அந்தப் பணத்தினாலேயே அவருக்கு 'மொஸ்மிக்கார்' என்று பட்டப்பெயர். ஒரு பக்கம் அல்டினோ மலை, மறுபக்கம் ஓரெம் ஓடை, நடுவில் தென்னந்தோப்பு. பின்னால், 1843ல் பனாஜி அதிகாரபூர்வத் தலைநகரானபோது, அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டிக்கொண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆக, வெளியூர் போய்ச் சம்பாதித்தவன் பணமும், ஆபீஸில் வேலை பார்த்தவன் சம்பளமும் கட்டிய பேட்டை. நம் கதை மாதிரியே இருக்கிறது இல்லையா? இது ஒன்றும் 'போர்த்துகலின் ஒரு துண்டு' கிடையாது. கொங்கணி பேசிய கோவாக்காரர்கள் கட்டிய, அவர்கள் இன்னும் குடியிருக்கிற தெரு.

அந்தத் தெருவில் செபஸ்தியார் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற பெரிய சிலுவையில் இயேசு தலை நிமிர்ந்து, கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். வேறெங்கும் தலை சாய்ந்திருக்கும் அல்லவா, இங்கே அப்படி இல்லை. அந்தச் சிலுவை முதலில் இருந்த இடம் பழைய கோவாவில் மதவிசாரணை மன்றத்தின் அரண்மனை. 1560ல் தொடங்கி, நடுவில் கொஞ்ச காலம் நிறுத்தி, 1812ல் முற்றாக மூடப்பட்ட மன்றம். விசாரணைக்கு நின்றவர்களை இந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன என்று நினைத்தாலே அந்தக் கோயில் வாசலில் கால் நின்றுவிடும். எங்கள் குழு அங்கே நின்றது ஒன்றரை நிமிடம். சுவர் வெள்ளையாக இருக்கிறது, படம் நன்றாக வரும் என்றார்கள். அடுத்து மதுக்கடை.

இப்போது மதுவுக்கு வருவோம். "ஃபெனி போர்த்துகீசியர் நமக்குத் தந்த கொடை" என்பது அந்த மாலையின் மந்திரம். மூன்று தடவை சொன்னார்கள், எண்ணினேன். முந்திரி மரத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது போர்த்துகீசியர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தென்னையை அவர்கள் கொண்டுவரவில்லை. கள்ளையும் கொண்டுவரவில்லை. 1580களில் கோவாவில் இருந்த லின்ஷோட்டன் என்கிற டச்சுக்காரர், இந்த ஊர்க்காரர்கள் தென்னையிலிருந்து 'சூரா' இறக்குவதையும் அதைக் காய்ச்சிக் கடுமையான மது எடுப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் தெற்கு கோவாவில் தென்னங்கள்ளுக்கு 'சூர்' என்றுதான் பெயர். நம் பழைய நூல்களில் வருகிற 'சுரை' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெனி என்கிற பெயரே நுரையைக் குறிக்கும் 'ஃபேன' என்கிற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஊற்றும்போது எழும்புகிற முத்து நுரையைப் பார்த்தே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த ஆட்கள்தான் 2,500 ரூபாய்க் கதையில் எங்கேயுமே வரவில்லை.

ஃபெனி ஃபொந்தைன்யாஸில் காய்ச்சப்படுவதில்லை. அது காடு, மலைச்சரிவு. சத்தரி, பிச்சோலி, காணகோணா. மார்ச் மாதம் வால்பாய் தாண்டி ஒரு பட்டிக்குப் போயிருந்தேன். 'பாட்டி' என்று வாசித்துவிடாதீர்கள், பட்டி. கொங்கணியில் காய்ச்சுகிற அடுப்புக்கும் அந்த இடத்துக்கும் அதுதான் பெயர். என்னோடு வேலை பார்க்கிற ஒருவரின் மாமனார் வீட்டுடையது. அங்கே பார்த்ததைச் சொன்னால்தான் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும்.

பழத்தைப் பறிக்கவே கூடாது. முழுதாகப் பழுத்துத் தானாக விழ வேண்டும். விழுந்ததைப் பொறுக்க வேண்டும். பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடிகாலையிலேயே சரிவில் இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல், கொட்டையை ஒரு பக்கம் திருகிப் போட்டு, பழத்தை இன்னொரு பக்கம் கூடையில் போடுகிறார்கள். கொட்டையின் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் விரல் வெந்து தோல் உரியும். எங்கள் ஊர்ப் பக்கம் சின்ன வயசில் கொட்டை சுட்டுத் தின்று வாய் வெந்த எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். பழங்களைப் பாறையில் குடைந்த தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். 'கோல்ம்பி' என்பார்கள். பல இடங்களில் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. மிதித்த சக்கையைக் குவித்து, காட்டுக்கொடியால் சுற்றிக் கட்டி, மேலே பாரம் ஏற்றிவிட்டால் கடைசிச் சாறு சொட்டுச் சொட்டாகத் தெளிவாக இறங்கும். அதற்குப் பெயர் 'நீரோ'. மது இல்லை, குழந்தைகள் குடிக்கலாம். பெயரைக் கேட்டதுமே எனக்கு நம் 'நீரா' நினைவு வந்தது.

மிதித்த சாறு இரண்டு மூன்று நாள் தானாகவே புளிக்கும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. பிறகு அடுப்பு. முதல் தடவை காய்ச்சினால் உர்ராக். ஏறத்தாழ பதினைந்து சதவீதம், பழவாசனை தூக்கலாக இருக்கும். பருவம் முடிந்தால் உர்ராக்கும் முடிந்தது, வைத்திருந்து குடிக்கிற சரக்கு இல்லை. லிம்கா ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுக் குடிப்பார்கள். உர்ராக்கோடு புளித்த சாற்றைச் சேர்த்து மறுபடி காய்ச்சினால் ஃபெனி, நாற்பது சதவீதத்துக்கு மேலே. தீ அதிகமானால் கருகல் வாசனை வந்துவிடும், குறைந்தால் ஒன்றும் இறங்காது. ஆக ராத்திரி முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். கண் இரண்டும் புகையில் சிவந்து கிடந்தன. அரைப் பாட்டில் உர்ராக் எடுத்துக்கொண்டு எவ்வளவு என்று கேட்டேன். நூறு ரூபாய் என்றார். கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

காடு எல்லாருக்கும் சொந்தமும் இல்லை. முந்திரிச் சரிவுகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து ஒவ்வொரு வருஷமும் ஏலம் விடுகிறார்கள். எடுத்தவன்தான் காய்ச்சலாம். மழை முன்னாடி வந்தாலோ, பூ கருகினாலோ ஏலத் தொகையும் போச்சு, விறகுக் காசும் போச்சு. "போன வருஷம் பூவெல்லாம் கருகிவிட்டது. பையன் பட்டி வேண்டாம் என்று பனாஜியில் டெலிவரி வேலைக்குப் போய்விட்டான்" என்றார் பெரியவர். அந்தப் பையன் ஒருவேளை ஃபொந்தைன்யாஸ் சந்துகளில் நம் சொந்தக்காரர்களுக்கு பீட்சா கொடுத்துவிட்டுப் போகிறானோ என்னவோ.

இதில் ஒரு வரி, ஒரே ஒரு வரி, அந்தச் சாயங்காலத்தில் சொல்லப்பட்டதா? இல்லை. சொன்னதெல்லாம் 'சுசேகாத்'. கோவாக்காரர்கள் அவசரமில்லாதவர்கள், நிம்மதியானவர்கள், மதியம் தூங்குவார்கள், மாலையில் ஃபெனி குடிப்பார்கள். தென்னை ஏறுகிறவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் சுசேகாத் என்று. அவர்களுக்கு இங்கே 'ரெந்தேர்' என்று பெயர். காலையும் மாலையும் ஏறி இறங்குகிற ஜாதி. மழைக்காலத்திலும் ஏற வேண்டும், பாளையைச் சீவாவிட்டால் ஊறாது. இறக்குகிற சூரில்தான் இட்லிக்குத் தங்கச்சி போல இருக்கிற 'சன்னா' புளிக்கும், அதில்தான் வினிகர், அதில்தான் தென்னை ஃபெனி. இப்போது பாதி வீடுகளில் சன்னாவுக்கு ஈஸ்ட் போடுகிறார்கள். ஏற ஆள் இல்லை. எங்கள் குடியிருப்பில் தேங்காய் பறிக்க வருகிறவர்கூடக் கர்நாடகத்திலிருந்து வந்தவர்தான்.

ஏன் ஆள் இல்லை என்பதற்கு நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. 1878ல் பிரிட்டிஷாரும் போர்த்துகீசியரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் தொடர்ச்சியாக பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த ஆப்காரி முறை, அதாவது கள்ளுக்கும் சாராயத்துக்கும் மரத்துக்கும் வரி போடுகிற முறை, கோவாவுக்குள் வந்தது. கோவாவின் உப்பளங்கள் மேலும் பிரிட்டிஷார் பிடி விழுந்தது. 1892ல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. உப்புக்காரனும் மரமேறியும் பட்ட அடி முடியவில்லை. பலர் பம்பாய்க்கும் கப்பலுக்கும் போனது இந்தக் காலத்தில்தான். அதே ஒப்பந்தத்தின் இன்னொரு பிள்ளைதான் மர்மகோவா துறைமுகத்துக்கு வந்த ரயில் பாதை. வாஸ்கோவில் வந்து இறங்குகிற நம் ஆட்கள் எல்லோரும் ஒரு தடவையாவது தண்டவாளத்தைக் குனிந்து பார்க்கலாம். 'கொடை' என்று சொல்கிறவர்கள் இந்த வரிச் சீட்டையும் சேர்த்துக் காட்டட்டும்.

எதிர்த் தரப்பும் எனக்குத் தெரியும். என் கூட வேலை பார்க்கிற கோவாக்காரர் ஒருவர் என்னிடம் நேராகவே சண்டை போட்டார். "எங்கள் சரக்கை நாற்றம் பிடித்தது என்று நாற்பது வருஷம் கேலி செய்தீர்கள். படித்தவன் வீட்டு விருந்தில் ஃபெனியை எடுத்து வைக்க வெட்கப்பட்டான். இன்றைக்கு ஒருவன் 2,500 ரூபாய் கொடுத்து மெதுவாக உறிஞ்சிக் குடிக்கிறான். அது உனக்குப் பிடிக்கவில்லையா?" நியாயமான கேள்வி. 2009ல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016ல் கோவா அரசு சட்டத்தைத் திருத்தி, 'நாட்டுச் சரக்கு' என்கிற பட்டியலிலிருந்து எடுத்து அதைப் பாரம்பரிய மது என்று அறிவித்தது. 2021ல் தனிக் கொள்கையே வந்தது. நாட்டுச் சரக்கு என்று முத்திரை இருந்தவரை மாநிலத்தைத் தாண்டி விற்கவே வழியில்லை. ஆகவே மரியாதை வந்தது நல்லதுதான், அந்தச் சண்டையில் நான் அவர் பக்கம்.

ஆனால் மரியாதை யாருக்கு வந்தது? பாட்டிலுக்கு வந்தது. பாட்டில் மேல் ஒட்டுகிற படத்துக்கு வந்தது. ஊற்றுகிறவருக்கு வந்தது. பட்டிக்காரர் பெயர் அந்த நாலு குப்பியில் ஒன்றிலாவது இருந்ததா என்று நான் கேட்டேன். "பல பண்ணைகளிலிருந்து வருகிறது" என்றார்கள். காபித் தூள் விற்கிறவன்கூட இன்றைக்கு எந்தத் தோட்டம், எத்தனை அடி உயரம் என்று அட்டையில் போடுகிறான். ஸ்காட்லாந்துச் சரக்கு என்றால் எந்த ஊர்த் தண்ணீர் என்பது வரை ஒப்பிக்கிறோம். ஃபெனிக்கு மட்டும் 'பல பண்ணைகள்'. அப்புறம் நாலாவது குப்பியில் 'வாசனையைச் சரிக்கட்ட' என்று சொல்லி, மாம்பழச் சாறும் கோகமும் கலந்து கொடுத்தார்கள். சரிக்கட்ட வேண்டிய வாசனை என்றால், நாற்றம் என்று கேலி செய்தவன் சொன்னது சரி என்றுதானே அர்த்தம்?

தெருக்காரர்களையும் யாரும் கேட்கவில்லை. ஃபொந்தைன்யாஸில் பல வாசல்களில் 'படம் எடுக்காதீர்கள்' என்று பலகை தொங்குகிறது. ஒரு பாட்டியம்மா ஜன்னலைத் திறந்தார், எங்கள் குழுவில் மூன்று கைப்பேசிகள் உடனே உயர்ந்தன, அவர் மூடிக்கொண்டார். ஏப்ரல் வெயிலில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய நிலைமை, தன் சொந்த வீட்டில்! நம் அக்ரகாரத்திலோ செட்டிநாட்டுத் திண்ணையிலோ யாராவது இப்படி வந்து நின்றால் பேசாமல் இருப்போமா?

சரி, கோவாக்காரர்களைத் திட்டியது போதும். இனி நம்மவர்கள்.

என் மைத்துனர் அன்றைக்கு மூன்றாவது குப்பியின் தெம்பில் சொன்னார்: "என்ன இருந்தாலும் மாப்ளே, நம்ம ஊர்ல இந்த மாதிரிக் கலாச்சாரமெல்லாம் கிடையாது." எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் ஊர் உடன்குடி பக்கம். ஊரைச் சுற்றித் தேரிக்காடு. செம்மணலில் பனையும் கொல்லாமரமும் தவிர வேறென்ன இருக்கிறது அங்கே? வடக்கே முந்திரி என்பார்கள், எங்களுக்குக் கொல்லாம்பழம், அண்டிப்பருப்பு. பருவத்தில் பழம் உப்புத் தொட்டுத் தின்கிற அளவு போக, மீதி மணலில் கிடந்து புளித்து ஈ மொய்க்கும். பண்ருட்டிப் பக்கம் இன்னும் மோசம், கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். கோவாவில் ஒரு குடும்பத்துக்கு மூன்று மாத வருமானமாக இருக்கிற அதே பழம்.

என் தாத்தா பனையேறி. இடுப்பில் பாளை அருவாப் பெட்டி, காலில் திளாப்பு, கையில் முருக்குத்தடி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவுதான். 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்கு முழுத் தடை. அதற்கப்புறம் என் சித்தப்பா மேல் ஒரு வழக்கு விழுந்தது, கலயத்தில் சுண்ணாம்பு போதாது என்று. பதநீர் என்று எவ்வளவு சொல்லியும் அந்தக் காவல் அதிகாரி கேட்கவில்லை, கலயங்களை உடைத்துப்போட்டார். சித்தப்பா அடுத்த வருஷம் சென்னைக்கு மளிகைக் கடை வேலைக்குப் போனார். மாநில மரம் பனை என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறோம். ஏறுகிறவனுக்கு மட்டும் வழக்கு. 2003லிருந்து சில்லறைக் கடைகளை அரசாங்கமே நடத்துகிறது, டாஸ்மாக் என்று. அங்கே விற்கிற எந்தப் பாட்டிலுக்குள்ளும் பனை இல்லை, தென்னை இல்லை, கொல்லாம்பழம் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கள் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அங்கே செத்தவர்களும் 'நாட்டுச் சரக்கு' என்கிற அதே வார்த்தையின் கீழேதான் எழுதப்பட்டார்கள். ஒரு ஊரில் அந்த வார்த்தையை மாற்ற ஏழு வருஷம் ஓடி ஆடியிருக்கிறார்கள். நம் ஊரில் விஷத்துக்கும் பதநீர்க் கலயத்துக்கும் ஒரே வார்த்தை, ஒரே லத்தி.

குடியைப் போற்றிப் பாடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எனக்கு மேல் மாடியில் இருக்கிற அம்மா கணவரைக் கல்லீரலுக்குப் பறிகொடுத்தவர். சாயங்காலமானால் தெருமுனைத் தாவெர்னாவில் இருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவருவதே பத்து வருஷம் அந்த அம்மாவின் வேலையாக இருந்தது. கோவாவில் இப்படி வீடுகள் நிறைய. அந்த நடையில் இதுவும் வராது. வரலாறு என்றால் இதுவும்தானே வரலாறு? 'குடும்பத்தோடு குடிக்கிற கலாச்சாரம்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னபோது அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஏறுகிறவன் கையையும் காட்டாதே, விழுகிறவன் வீட்டையும் காட்டாதே, மஞ்சள் சுவரை மட்டும் காட்டு. இதற்கு எதற்கு 'வரலாறு' என்று பெயர்? நாலு குப்பி ஃபெனி, ஒரு நல்ல தெரு என்று நேராகப் போட்டுக் காசு வாங்குங்களேன், நான் வாயே திறக்க மாட்டேன்.

நம் குடும்பங்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசவே மாட்டோம். கோவாவில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு ஃபெனி என்றால் வாசனை, கள் என்றால் தப்பு, விமான நிலையக் கடையில் ஊருக்கு வாங்கிப்போகிற வெளிநாட்டுப் பாட்டில் என்றால் அந்தஸ்து. என் பெண்ணுக்குப் பதினோரு வயது. தாத்தாவுக்கு என்ன தொழில் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னார்கள், 'விவசாயி' என்று எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடித்துவிட்டு 'பனையேறி' என்று எழுதவைத்தேன். ஆசிரியை கொங்கணிக்காரர். அது என்ன என்று கேட்டிருக்கிறார். "ரெந்தேர் மாதிரி" என்றாளாம் என் பெண். அவருடைய தாத்தாவும் அதுதானாம்.

இந்த வருஷப் பருவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் பழம் விழ ஆரம்பித்தால் மே வரை பட்டிகள் எரியும். ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் டிசம்பருக்குப் பதில் ஏப்ரலில் வரச் சொல்லுங்கள், ரயில் டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும். வாஸ்கோவிலிருந்து வால்பாய்க்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், கார் இருந்தால் நல்லது. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், அடுப்பு வேலை நடக்கிற இடம். காலை பத்து மணிக்குள் போனால் பொறுக்குகிறவர்களையும் பார்க்கலாம், அவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம், பத்து நிமிடம் கூடக் குனிந்து பார்க்கலாம். பாட்டில் வாங்குவது உங்கள் இஷ்டம். பிள்ளைகளுக்கு நீரோ கேட்டு வாங்கிக்கொடுங்கள். அன்று காலையில் இறக்கியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் புளித்துவிடும்.